சட்டைப்பை வரை வரும் சட்டம்

தை பிறந்துவிட்டால் பொன்னமராவதி வட்டாரத்துச் சாலைகளில் ராத்திரி முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும். எல்லாம் பழனிக்கு நடக்கிறவர்கள். தோளில் ஒரு பை, கையில் டார்ச், பலருக்குக் காலில் செருப்புகூடக் கிடையாது. இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கூட்டமாகப் போவார்கள், தனியாகவும் போவார்கள். ரோந்து ஜீப் நிற்கும். ஏட்டு இறங்கி வந்து, பின்னால் வருகிற லாரிக்குத் தெரியட்டும் என்று பையில் ஒளிரும் பட்டையை ஒட்டிவிட்டு, "ஓரமாப் போங்க சாமி" என்று அனுப்பிவைப்பார். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆவணியிலோ ஐப்பசியிலோ அதே சாலையில், அதே நேரத்தில், கைலி கட்டிய ஒருவர் வேலை முடிந்து தனியாக நடந்து வந்தாலும் ஜீப் நிற்கும். "எங்க போற? எந்த ஊரு? பையில என்ன?" "வேலை முடிஞ்சு வீட்டுக்குங்கய்யா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சட்டைப்பையில் ஒரு கை நுழைந்துவிடும். பீடிக்கட்டு, நாலு பத்து ரூபாய்த் தாள், போன். போனையும் வாங்கிப் பார்ப்பார்கள். "சரி, போ."

இந்த இரண்டாவது நிறுத்தம் சரியா என்பதே இங்கே கேள்வி. வாகனச் சோதனையைச் சேர்க்கவில்லை. வண்டி ஓட்டுகிறவர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. நடப்பதற்கு உரிமம் கிடையாது. அரசமைப்பின் 19-வது பிரிவு நாடெங்கும் நடமாடும் சுதந்திரத்தைக் குடிமக்களுக்குத் தந்திருக்கிறது, பொதுநலனுக்காகச் சட்டம் போட்டு வரம்பு கட்டலாம் என்ற நிபந்தனையோடு. அப்படியானால் அந்தக் கை எந்தச் சட்டத்தின் பலத்தில் சட்டைப்பைக்குள் போகிறது?

போலீஸ் தரப்பை முதலில் முழு பலத்தோடு வைத்துவிட வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் அதற்கு உண்மையிலேயே பலம் உண்டு. மேலைச்சிவபுரி, வேந்தன்பட்டி, வேகுப்பட்டி, வலையப்பட்டி என்று சுற்றிலும் நகரத்தார் ஊர்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளில் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்து திறப்பார்கள். காவலுக்கு ஒரு வயதானவர் இருந்தால் அதுவே பெரிது. உள்ளே தேக்கும் பித்தளையும் வெள்ளியும். கோயில்களில் ஐம்பொன் சிலைகள். இத்தனை ஊரையும் இரவில் பார்த்துக்கொள்ள ஒரு ஜீப்பும் சில பீட் காவலர்களும். பின்வாசல் தெருவில் நள்ளிரவில் முன்பின் தெரியாத ஒருவர் நடந்தால் கேட்காமல் விடுகிற காவலரை ஊரே திட்டும், சரியாகத்தான் திட்டும்.

கஞ்சா இன்னொரு நியாயம். 2021 டிசம்பரில் ஒரு முறையும் 2022 மார்ச் கடைசியில் 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை 2.0' என்று மறுமுறையும் மாநிலம் முழுக்கத் தேடுதல் நடந்தது. பொட்டலம் சட்டைப்பையில்தான் இருக்கும், வேறெங்கே தேடுவது என்பது காவலரின் கேள்வி. அமைதி கெடும்போது என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2019 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த கையோடு, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவு பரவி, பொன்னமராவதி காவல் நிலையமே கல்வீச்சுக்கு உள்ளானது. 144 போட்டார்கள், கடைகள் அடைபட்டன. அந்தச் சில நாட்களில் தெருவில் போகிற ஒவ்வொருவரையும் போலீஸ் உற்றுப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றால் நிலைநிற்பது கேட்கிற அதிகாரம் மட்டும்தான். துழாவுகிற அதிகாரத்துக்குத் தனியாக நியாயம் சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது போலீஸ் தரப்பு வாதத்தின் பழைய சாமர்த்தியம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 49-வது பிரிவு உடல் சோதனையைப் பற்றிப் பேசுகிறது. கைது செய்யப்பட்டவரைச் சோதிக்கலாம், எடுத்த பொருளுக்கு ரசீது தர வேண்டும், பெண்ணாக இருந்தால் பெண்தான் கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும். கைது முதலில், சோதனை பிறகு. கைதுக்கு 35-வது பிரிவு நியாயமான சந்தேகமாவது வேண்டும் என்கிறது. சாலையில் நடப்பது தலைகீழ்: முதலில் துழாவு, ஏதாவது கிடைத்தால் கைது, கிடைக்காவிட்டால் "சரி, போ". இந்த வரிசைக்குப் பொதுச் சட்டத்தில் இடமே இல்லை.

சிறப்புச் சட்டங்களில் இடம் உண்டு. போதைப்பொருள் சட்டம், 1985-ன் 43-வது பிரிவு பொது இடத்தில் ஒருவரைத் தடுத்துச் சோதிக்க அனுமதிக்கிறது. அங்கும் அந்த ஆள் குற்றம் செய்திருக்கிறார் என்று நம்ப அதிகாரிக்குக் காரணம் இருக்க வேண்டும். அதோடு 50-வது பிரிவு ஒன்று இருக்கிறது: கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால்தான் என்னைச் சோதிக்க வேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு என்பதைப் பிடிபட்டவருக்கு முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமல் உடம்பைச் சோதித்து எடுத்த பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1999-ல் பல்தேவ் சிங் வழக்கில் சொன்னது. இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2010-ல் இன்னொரு அமர்வு உறுதி செய்தது. ஆக, கஞ்சாவைச் சொல்லிச் சட்டைப்பைக்குள் கைவிடுகிற காவலர், உண்மையிலேயே கஞ்சா கிடைத்தால் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறார். தையல் பிரிந்த வலையை வீசுகிற மாதிரி.

புதிய சட்டம் ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறந்திருக்கிறது. இடத்தைச் சோதிப்பதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்கிறது 105-வது பிரிவு. வரவேற்க வேண்டியது. ஆனால் சாலையில் ஒருவரின் பையைத் துழாவி ஒன்றும் கைப்பற்றாமல் அனுப்பினால் அந்தப் பிரிவுக்கு வேலையே இல்லை. மறுபக்கம் 172-வது பிரிவு, குற்றத்தைத் தடுக்கும் கடமையில் காவலர் தருகிற சட்டபூர்வமான உத்தரவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்கிறது. மறுப்பவரைப் பிடித்துவைக்கலாம், சின்ன விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். எது சட்டபூர்வமான உத்தரவு என்பதை நள்ளிரவில் தீர்மானிப்பவர் அந்தக் காவலர்தான். "பையைக் காட்ட மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அதையே மறுப்பு என்று எழுதிக்கொள்ளும் ஆபத்து இதில் இருக்கிறது.

'சந்தேக கேஸ்' என்று ஸ்டேஷன் வட்டாரத்தில் சொல்வது பழைய 109-வது பிரிவு, இப்போதைய 128. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1898-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு இரண்டு கைகள் இருந்தன. குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒளிந்து திரிபவரைப் பிடிப்பது ஒன்று. கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு இல்லாதவரையும், தன்னைப் பற்றித் திருப்தியாகக் கணக்குச் சொல்ல முடியாதவரையும் பிடிப்பது இன்னொன்று. 1973-ல் சட்டத்தை மாற்றி எழுதியபோது நாடாளுமன்றம் இரண்டாவது கையை வெட்டிவிட்டது. "நீ யார், இந்நேரத்தில் இங்கே என்ன வேலை, திருப்தியாகப் பதில் சொல்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதது அன்றோடு குற்ற நடைமுறையில் காரணமாக நிற்கவில்லை. சட்டம் கைவிட்டு ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. ரோந்து ஜீப் இன்னும் கைவிடவில்லை.

அந்தக் கேள்விகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். "எந்த ஊரு?" என்பதற்கு ஊர்ப் பேரைச் சொன்னதும் அடுத்தது வரும்: "அங்க எந்தத் தெரு?" நகரத்தில் இது முகவரிக் கேள்வி. பொன்னமராவதிப் பக்கத்தில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாக ஆகிவிடும். மூன்றாவதாக "யார் மகன்?" என்று கேட்டுவிட்டால் முழு ஜாதகமும் வந்துவிடும். பதிலைப் பொறுத்துக் குரல் மாறும், "டா" ஏறும் அல்லது இறங்கும், சட்டைப்பைக்குக் கை போவதும் போகாததும் அங்கேதான் தீர்மானமாகும். இதற்குக் கணக்கெடுப்பு எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் சிப்பாயின் முகம் மாறுவதைக் கொழும்புத் தமிழர்கள் பல்லாண்டு அனுபவித்தார்கள். அங்கே அட்டையில் அச்சாகியிருந்தது. இங்கே நம் வாயால் சொல்ல வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தோற்றமும் இதே வேலையைச் செய்யும். 2017 ஜூலையில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில், சாலையோரம் நின்று பேசிக்கொண்டிருந்த 19 வயது தலித் இளைஞரைப் போலீஸ் பிடித்துப் போனது. முடி நீளமாக வளர்த்திருந்தார். அடித்து அனுப்பினார்கள் என்பது குடும்பத்தின் புகார். மறுநாள் தற்கொலை செய்துகொண்டார். சென்னையில் 2022 ஏப்ரல் 18 இரவு கெல்லீஸ் அருகே ஆட்டோவை நிறுத்திச் சோதித்ததில் பிடிபட்ட 25 வயது இளைஞர் மறுநாள் தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தின் பிடியில் இறந்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போய்க் கொலை வழக்காக மாறி, போலீசார் கைதானார்கள். எல்லா நிறுத்தமும் இப்படி முடிவதில்லை. ஆனால் இப்படி முடிந்த பலவற்றின் முதல் நிமிஷம், சாலையில் யாரும் எழுதிவைக்காத ஒரு நிறுத்தம்தான்.

காசும் இதில் உண்டு. 2022 டிசம்பரில் பெங்களூரில் பிறந்தநாள் விருந்து முடிந்து நள்ளிரவுக்கு மேல் வீட்டுக்கு நடந்து வந்த தம்பதியை ரோந்துப் போலீஸ் நிறுத்தியது. இரவு 11 மணிக்கு மேல் சாலையில் நடக்கக் கூடாது என்று இல்லாத சட்டத்தைச் சொல்லி 3,000 ரூபாய் கேட்டு, கடைசியில் 1,000 ரூபாயைப் பேடிஎம்மில் வாங்கிக்கொண்டது. தம்பதி ட்விட்டரில் எழுதினார்கள், இரண்டு காவலர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். பேடிஎம்மில் வாங்கியதால் தடயம் இருந்தது. ரொக்கமாக வாங்கியிருந்தால்?

தடயம் என்ற சொல்லில்தான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. வங்கி வாசலிலும் கோயில் வாசலிலும் பட்டா புத்தகம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரோந்து வருகிற காவலர் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் உண்மையிலேயே வந்தாரா என்று மேலதிகாரி அதை வைத்துத்தான் பார்ப்பார். பூட்டிய கதவைப் பார்த்ததற்குக் கையெழுத்து இருக்கிறது. ஒரு மனிதனின் சட்டைப்பையைப் பார்த்ததற்கு இல்லை. ஏதாவது கிடைத்தால் வழக்கு, எண், தாள். கிடைக்காத சோதனையை எழுதிவைக்கும்படி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் எத்தனை பேரைத் துழாவி எத்தனை பேரிடம் எதுவும் கிடைக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது, போலீசாலும் முடியாது. "இதனால்தான் திருட்டு குறைகிறது" என்கிற வாதத்துக்கு எடைக்கல்லே கிடையாது.

எழுதிவைத்த ஊர்களில் என்ன தெரியவந்தது? நியூயார்க்கில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். 2011-ல் மட்டும் 6,85,724 நிறுத்தங்கள். 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை 44 லட்சம். 2013 ஆகஸ்டில் 'ஃபிளாய்ட்' வழக்கின் தீர்ப்பில் நீதிபதி ஷிரா ஷெய்ன்ட்லின் இந்தக் கணக்கையே எடுத்துவைத்தார்: 88 சதவீத நிறுத்தங்களில் அடுத்த நடவடிக்கைக்கே இடமில்லை, உடம்பைத் தடவிப் பார்த்தவற்றில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதத்தில். நிறுத்தங்கள் 2014-ல் 50,000-க்குக் கீழே இறங்கின. குற்றம் பெருகும் என்று பயமுறுத்தினார்கள். 2011-ல் 500-க்கு மேல் இருந்த கொலைகள் 2014-ல் 350-க்குக் கீழே வந்தன. நிறுத்தம் குறைந்ததால் கொலை குறைந்தது என்று சொல்ல மாட்டேன், அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். நிறுத்தாவிட்டால் ஊர் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது மட்டும் தெளிவு.

லண்டன் கதை இன்னும் நமக்கு நெருக்கம், ஏனென்றால் நம் சட்டத்தின் தாய்வீடு அது. சந்தேகப்படும்படி நடமாடியதாகச் சொல்லியே ஆளைப் பிடிக்க 1824-ம் ஆண்டின் சட்டம் ஒன்று அங்கே இருந்தது, 'சஸ்' என்பார்கள். 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் பகுதியில் சில நாட்களில் 943 பேரை நிறுத்தினார்கள். 118 பேர் கைது, 75 பேர் மீது வழக்கு, அதில் வழிப்பறி ஒன்றே ஒன்று. அந்த வாரக் கடைசியில் பிரிக்ஸ்டன் எரிந்தது. அதே ஆண்டு சஸ் சட்டம் போனது. 1984-ல் வந்த போலீஸ் சட்டம், நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும் சோதனை, காவலர் தன் பெயரையும் ஸ்டேஷனையும் காரணத்தையும் சொல்ல வேண்டும், எழுதிவைக்க வேண்டும், கேட்டால் பிரதி தர வேண்டும் என்று விதித்தது. அங்கும் கறுப்பர்களை அதிகம் நிறுத்துகிறார்கள் என்ற குறை இன்றுவரை தீரவில்லை. ஆனால் அது குறை என்று தெரிவதே எழுதிவைத்ததால்தான்.

நம் பக்கத்தில் எழுத்து வேறு திசையில் ஓடுகிறது. 2021-ல் தமிழகப் போலீஸ் முக அடையாள மென்பொருளைக் கொண்டுவந்தது. சாலையில் நிறுத்தியவரைப் போனில் படம் எடுத்துப் பழைய குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிடுகிறார்கள். நாடாளுமன்றம் 2022-ல் இயற்றிய அடையாளச் சட்டம் தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் இருப்பவர் ஆகியோரின் படத்தையும் ரேகையையும் எடுக்கச் சொல்கிறது. மற்றவரிடம் எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். வெறுமனே நடந்து போனவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஹைதராபாத்தில் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்ததை எதிர்த்து ஒரு சமூக ஆர்வலர் வழக்குப் போட்டார், தெலங்கானா உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஊரில் 2021 அக்டோபரில் வழியில் போகிறவர்களின் வாட்ஸ்அப்பைத் திறந்து கஞ்சா என்ற சொல்லைத் தேடிய வீடியோவும் வந்தது. நிறுத்தப்பட்டவரைப் பற்றி எல்லாம் பதிவாகிறது, நிறுத்தியவரைப் பற்றி எதுவும் பதிவாவதில்லை.

உரிமை பேசுகிறவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. "பிரிவைக் கேளுங்கள், வாரண்ட் கேளுங்கள், வீடியோ எடுங்கள்" என்று கைப்பிரசுரம் போடுகிறார்கள். சென்னையில் வழக்கறிஞர் கார்டு வைத்திருப்பவருக்கு இது பலிக்கும். ராத்திரி ஒரு மணிக்குக் காரையூர் சாலையில் தனியாக நிற்கிற சித்தாள் பிரிவு எண்ணைக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பது நமக்குத் தெரியும். நிறுத்தப்பட்டவரின் தைரியத்தை நம்பி நிற்கிற உரிமை உரிமையே ஆகாது. பாரத்தைத் தூக்க வேண்டியவர் நிறுத்துகிறவர்.

இனி என் தீர்ப்பு. இரவில் நடந்து போகிறவரைக் காவலர் நிறுத்திப் பெயரும் போகிற இடமும் கேட்கலாம், மரியாதையாக. தெருவையும் தகப்பன் பெயரையும் கேட்கத் தேவையில்லை, திருடனைப் பிடிக்க அவை உதவாது. கைதோ, போதைப்பொருள் சட்டம் போன்ற சிறப்புச் சட்டத்தின் காரணமோ இல்லாமல் சட்டைப்பையைத் துழாவுவது சட்டவிரோதம். பயனுள்ளது என்று அதற்காகச் சொல்லும் வாதமும் நிரூபணம் இல்லாத வெறும் நம்பிக்கை. போனைத் திறக்கச் சொல்வதும் முகத்தைப் படம் எடுப்பதும் இன்னும் ஒரு படி மோசம். பூட்டிய வீடுகள் நிறைந்த ஊர் என்பதால் இந்தத் தீர்ப்பில் தளர்வு எதுவும் தேவையில்லை. வீட்டுக்குக் காவல் அந்தத் தெருவில் ஜீப் எத்தனை முறை வந்தது என்பதில் இருக்கிறது, வழியில் போனவரின் பீடிக்கட்டில் இல்லை.

செய்ய வேண்டியது ஒரு சீட்டு. யாரையாவது சோதித்தால் காவலர் இரண்டு பிரதி எழுத வேண்டும்: தேதி, நேரம், இடம், தன் பெயர் அல்லது எண், சந்தேகத்துக்குக் காரணம், என்ன கிடைத்தது. ஒன்று நடந்து போகிறவர் கையில், மற்றொன்று ஸ்டேஷனில். சோதிக்கப்பட்டவரின் பெயர் அதில் வேண்டாம், இல்லாவிட்டால் அதுவே நாளைக்குக் கண்காணிப்புப் பட்டியலாகிவிடும். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் அமலில் இருந்த காலத்தில் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் வெளியூரில் இரவு தங்க வேண்டுமானால் 'ராத்திரிச் சீட்டு' வாங்கிக்கொண்டுதான் போக முடியும். அந்தச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ஒழிந்தது. அந்தச் சீட்டு நடப்பவனைக் கட்டிப்போட்டது. நான் கேட்கிற சீட்டு நிறுத்துகிறவரைக் கணக்குச் சொல்ல வைப்பது.

வேலைப்பளு என்று மறுப்பு வரும். சீட்டு எழுதுகிற சிரமத்துக்கு அஞ்சி ஒரு காவலர் ஒருவரைத் துழாவாமல் விட்டால், துழாவக் காரணம் இல்லாத ஆளைத்தான் விட்டிருப்பார். பொய்யாக எழுதுவார்கள் என்றும் வரும். எழுதட்டும், பொய்யான தாளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், இல்லாத தாளைச் செய்ய முடியாது. இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஒரு சுற்றறிக்கை போட்டால் நாளை இரவே பொன்னமராவதி ரோந்தில் தொடங்கிவிடலாம்.